கருகின கன்னத்தோடு ஒரு போட்டோ

ஏங்க,

நான் விழுப்புரம் ஸ்டுடியோவுக்குப் போறேன். யுத்தம் முடிஞ்சு இப்பதான் அவங்களுக்கு பிலிம் வந்திருக்கு. முகம் தெளிஞ்சப்புறம் கல்யாண நாள் போட்டோ எடுக்கலாம்னு நேத்து சொன்னீங்களே, அதுவரைக்கும் காத்துக்கினு இருக்க மாட்டேன்.

எலுமிச்சஞ்சாறு தேய்ச்சா வெளுக்கும்னு சொன்னது உங்க அக்கா. தேய்ச்ச முகத்தோட வெயில்ல மல்லாட்டைக் கடலையைக் காயவச்சது என் புத்தி. கன்னம் கருகிப்போச்சு, சரி. என்னைக் கட்டிக்கினு வந்தப்போ மட்டும் வெளுப்பாவா இருந்தேன்? முக்காடு போடமாட்டேன். படத்துல கறையை அழிக்கவும் விடமாட்டேன்.

கேப்பைக் களி மூடி வச்சிருக்கேன். கோழிக்குக் குருணை போடுங்க. பூட்டிட்டு சாவியைப் பக்கத்து வீட்டு அற்புதமேரி அக்கா கிட்ட குடுங்க.

பக்கத்துல ஒரு நாற்காலியைக் காலியா போட்டு உக்காந்திருப்பேன். மதியம் வரைக்கும் பார்ப்பேன். அப்புறம் தனியா எடுத்துக்குவேன்.

லூர்துசெல்வி

மறந்துட்டேன்: கிண்ணத்துல மீதி வச்ச சாறு காணோம், உங்க தலைகாணியில எலுமிச்சை வாசனை அடிக்குது. கன்னத்தைக் காட்டப் போனப்போ, எதைத் தேய்ச்சாலும் மொதல்ல முழங்கையில கொஞ்சம் தடவி ஒரு நாள் பார்க்கணும்னு ஆஸ்பத்திரி நர்ஸம்மா சொன்னாங்க. என்னைக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். இப்ப முகத்தை நல்லா கழுவிட்டு வாங்க. குடை கதவுக்குப் பின்னாடி இருக்கு.