அறையில் கடைசியாக ஓடுபவள்

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நீங்களும் அம்மாவும் நலமா? உங்கள் முதுகுவலி குறைந்ததா? நான் நன்றாகச் சாப்பிடுகிறேன்.

பள்ளியில் புதிதாக ஓட்டம் தொடங்கியிருக்கிறார்கள். தலைமையாசிரியை முதல் சமையல்கார அக்கா வரை எல்லோரும் காலையில் மைதானத்தைச் சுற்ற வேண்டும். விடுதி அறைகளுக்குள் போட்டி; ஒவ்வோர் அறைக்கும் கடைசி ஆள் வந்து சேரும் நேரம்தான் கணக்கு. எங்கள் அறையில் கடைசி ஆள் நான்தான். "புத்தகப்புழு ஊர்ந்து வருது, வழி விடுங்கடி!" என்று அறைத்தோழிகள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

நான் இல்லாவிட்டால் அறை ஜெயித்துவிடுமே என்று போன வாரம் ஒருநாள் நூலகத்தில் ஒளிந்துகொண்டேன். ஆள் குறைந்ததால் அறையையே போட்டியில் சேர்க்கவில்லை. இப்போது யாரும் என்னைப் பார்த்துச் சிரிப்பதுகூட இல்லை. சாப்பிடும்போது என் பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை. சமையல்கார அக்கா மட்டும், "மூச்சு வாங்கினா நட கண்ணு, நின்னுடாதே" என்றார்.

நீங்கள் கவலைப்படாதீர்கள். குதிகால் உரிந்திருக்கிறது, தடிமனான காலுறை அனுப்புங்கள். முடிந்தால் ஞாயிற்றுக்கிழமை போன் செய்யுங்கள். கட்டாயம் செய்யுங்கள், அப்பா. போன் மைதானத்துக்கு அந்தப் பக்கம், அலுவலகத்தில் இருக்கிறது. கூப்பிட்டதும் ஓடி வருவேன், ஆனால் எனக்கு நேரமாகும்.

மணி அடிக்கிறது, முடிக்கிறேன். நான் வந்து சேரும்வரை போனை மட்டும் வைத்துவிடாதீர்கள்.

உங்கள் மகள்