சுவரைப் பார்க்காமல் போட்ட கையெழுத்து

இன்று காலை வல்லத்துப் பெரியவர் ஒருவர், வேகவைத்த மல்லாட்டைக் கடலை மூட்டையை என் கண்ணாடி வில்லைப் பெட்டிமேல் வைத்துவிட்டுக் கண்ணைக் காட்டினார். அந்த ஈர வாசனையில் நீ வந்துவிட்டாய். திண்டிவனம் ஆஸ்பத்திரி இருட்டறையில் நோயாளிகள் தந்த மல்லாட்டையை உரித்துக்கொண்டே, "இதான்யா நமக்கு மத்தியானச் சோறு" என்பாய். சோறு தின்ன யார் விட்டார்கள்?

நயா பைசா வந்த புதிது. கண்ணாடிக்கு நம்பர் பார்க்க நாம் இரண்டு பேர், இரண்டு வரிசை. வில்லைப் பெட்டி மட்டும் ஒன்று. உனக்கு வேண்டிய வில்லை எப்போதும் என் நோயாளியின் மூக்கின்மேல் இருக்கும். இன்னொரு ஆள் கேட்டு எழுதினோம். மேலிடம் ஒரு சுவர்க்கடிகாரம் அனுப்பியது, வேகமாகப் பார்ப்பதற்கு!

எனக்குக் காய்ச்சல் என்று சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டு, திருவக்கரையில் மைத்துனி பிள்ளையின் காதுகுத்துப் பந்தியில் இரண்டாம் முறை பாயசம் கேட்டுக்கொண்டிருந்தேனே, அந்த நாளைத்தான் சொல்லவந்தேன். "போய்க்கினு வாய்யா, நான் பாத்துக்கிறேன்" என்று வழியனுப்பியதும் நீதான்.

இரண்டு வரிசையும் உன் தலையில். பஸ் டிரைவர் வேலைக்குக் கண் சான்றிதழ் கேட்டு ஒருவன் காலையிலிருந்து காத்திருந்தான். முன்னால் போனவர்கள் படித்த எழுத்தையெல்லாம் கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்துவிட்டான். நீ இன்னொருவர் கண்ணுக்கு வில்லை மாற்றிக்கொண்டே "படி" என்றாய். கடகடவென்று ஒப்பித்தான். "பார்வை சரி" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாய். அவன் போனபிறகுதான் சுவரைப் பார்த்தாய். எழுத்தட்டை திரும்பி இருந்தது! எழுதப்படிக்கத் தெரியாத காணை ஊர்க் கிழவிக்காக, எழுத்துக்குப் பதில் மூன்று கால் குறிகள் போட்ட பின்பக்கத்தை நீயேதான் திருப்பி மாட்டியிருந்தாய். அவன் இல்லாத எழுத்தைப் படித்தான். நீ பத்து வருஷப் பழக்கத்தில் அதைச் சரி என்றாய்.

ஓடினாய். விழுப்புரம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்திருந்தவனைப் பிடித்தாய்.

"சீட்டக் குடுய்யா."

"வயித்துல அடிக்காதீங்க சார். நாளைக்கு வேலைல சேரணும்."

"ஒன் வண்டியில குந்திக்கினு வர்றவன் உசுருக்கு யாருய்யா பதில் சொல்றது?"

கிழித்துப் போட்டாய். அந்த நேரம் பார்த்து மேலதிகாரி இருட்டறைக்குள் நுழைந்தார். இரண்டு வரிசை, இரண்டு காலி நாற்காலி. இருக்கையை விட்டு ஏன் போனாய் என்று மெமோ வந்தது. ஆள் போதாமல் நேர்ந்தது என்று நீ எழுதியிருந்தால், இன்னொரு ஆள் எங்கே என்று தோண்டியிருப்பார்கள். நீயோ, "சொந்த வேலையாகப் போனேன்" என்று எழுதிவிட்டாய். ஏன்யா என்று கேட்டதற்கு, "நெசத்த எழுதினா ஒன் காய்ச்சல அளந்து பாப்பானுங்க" என்று சிரித்தாய்.

உன்னை விழுப்புரத்துக்குத் தூக்கியடித்தார்கள். அங்கே ஒரே நாற்காலி. வரிசை மட்டும் வாசல் தாண்டி ரோடு வரை. இங்கே உன் இடத்துக்கு இன்றுவரை ஆள் போடவில்லை. ஒருவனே சமாளிக்கிறான் பாருங்கள் என்று என்னையே உதாரணம் காட்டி உன்னைக் கசக்கினார்கள். நானும் வாயைத் திறக்கவில்லை. பந்தியில் மட்டும் நன்றாகத் திறக்கும்.

போன மாசியில் நெஞ்சுவலி என்று உட்கார்ந்த நீ எழுந்திருக்கவே இல்லை என்றார்கள். விழுப்புரம் வந்தேன். உன் மனைவி அழுகைக்கு நடுவே சொன்னார்கள்: "ஒங்களப் பத்திப் பேசாத நாளில்லீங்க. அவராலே எனக்கு ஒரு தொந்தரவும் வந்ததில்லன்னு சொல்லிக்கினே இருப்பாரு."

நான் தலையை ஆட்டினேன். உள்ளதைச் சொல்லி அந்த நல்ல பெயரை அங்கேயே இறக்கி வைத்திருக்கலாம். திண்டிவனம் வரை தூக்கிக்கொண்டு வந்தேன். இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.