கண்ணாடியில் வைத்த சந்தனப் பொட்டு

மரக்காணம்
23.10.2005

அன்புள்ள மகன் விஜயகுமாருக்கு,

உன் மனைவி வைஜெயந்தி ஆயுத பூஜையன்று என் தொலைநோக்கியின் கண்ணாடியைக் கெடுத்துவிட்டாள். அது தப்புதான். இதை எழுதிவிட்டுத்தான் மஸ்கட்டில் உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்க வருகிறது. இங்கே நான் நடமாடிக்கொண்டிருக்கிறேன். மழை பிடித்துக்கொண்டதால் உப்பளத்தில் வேலை இல்லை.

நடந்ததை நீ அவள் சொல்லித்தான் கேட்டிருக்கிறாய். புத்தகம் பார்த்து நானே தேய்த்துச் செய்த கண்ணாடி அது. உப்புக் காற்று படக்கூடாதென்று தொலைநோக்கிக் குழாயிலிருந்து கழற்றித் துணியில் சுற்றி வைத்திருந்தேன். அவள் அதை மண்வெட்டி, அரிவாளோடு வரிசையில் வைத்து, நடுவில் சந்தனமும் குங்குமமும் இட்டுவிட்டாள். நான் சத்தம் போட்டதும் பயந்துபோய், குத்துவிளக்கைத் தேய்ப்பதுபோலப் புளியும் உப்பும் போட்டுத் தேய்த்தாள். வெளிச்சத்தைத் திருப்ப அதன்மேல் பூசியிருந்த அலுமினியம் உரிந்துபோனது. அன்றே பையைத் தூக்கிக்கொண்டு இரும்பைக்கு, அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். நான் முன்னாடியே சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும் என்கிறாய். உன் அம்மாவுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? வருஷா வருஷம் குழாயின் மேல்தான் பொட்டு வைப்பாள், கண்ணாடிப் பக்கம் விரலை நீட்டமாட்டாள். ஒரு கண்ணாடிக்காப்பா இவ்ளோ கத்துனீங்க என்று போனில் கேட்டாய். போன ஐப்பசியில் அன்னம் என்கிற நட்சத்திரக் கூட்டத்தில் ஒரு சின்ன நெபுலாவை உன் அம்மாவுக்குக் காட்டினேன். சாகப்போகும் நட்சத்திரம் உதறிவிட்ட வாயு, நீலமும் பச்சையுமாய் மிளகளவு வட்டம். நேராகப் பார்த்தால் மறையும், பார்வையைக் கொஞ்சம் ஒதுக்கினால் திரும்ப வரும். நேரா பாத்தா ஒளிஞ்சிக்குதுங்க, நம்ம மருமவளாட்டம் என்று சிரித்தாள். அடுத்து வந்த மார்கழியில்தான், கரைக்கு மீன் வாங்கப் போனவளை அலை கொண்டுபோனது. இந்த வருஷமும் அதைப் பார்க்க வேண்டும் என்று மழை விடக் காத்திருந்தேன். நேற்றுப் பொழுது சாய்ந்து மேகம் விலகியதும் அந்தக் கண்ணாடியையே மாட்டிப் பார்த்தேன். நட்சத்திரங்கள் மங்கலாகத் தெரிந்தன. அது இல்லை. கண்ணை ஒதுக்கியும் பார்த்தேன், வரவில்லை.

சோறு நானே வடித்துக்கொள்கிறேன். கத்தியதற்காக இரும்பைக்குப் போய் நிற்பேன் என்று எதிர்பார்க்காதே. வெயிலில் தலைக்குத் துணி கட்டிக்கொள். என் ஆசி உனக்கும் உண்டு, அவளுக்கும் உண்டு.

ஆகவேண்டியதைச் சொல்கிறேன். நீ அவளுக்குப் போன் போடு, நான் கூப்பிட்டதாகவே சொல்லலாம். அவள் அண்ணன் தேசப்பன் கார்த்திகை தீபத்துக்குள் கொண்டுவந்து விடட்டும். மார்கழியில் உன் அம்மாவுக்கு வருஷ திதி, அதற்கு நீ இப்போதே லீவு கேள். கண்ணாடியை மெட்ராசுக்கு எடுத்துப்போய் மறுபூச்சுப் போட்டு வருவது என் வேலை. வைஜெயந்தி செய்ய வேண்டியது ஒன்றுதான். அடுத்த ஆயுத பூஜைக்குக் குழாயில், உன் அம்மா வைத்த இடத்தில் பொட்டு வைக்க வேண்டும். பழைய பொட்டின் கறை அங்கே இருக்கிறது. நான் துடைக்கவில்லை.

உன் அப்பா
பச்சமுத்து