இரண்டும் இடது கால்

என் நூருவுக்கு,

எங்கே இருந்தாலும் உன் காது என் பக்கம்தான் இருக்கும் என்ற தைரியத்தில் கூப்பிடுகிறேன்.

நீ போனதும் கதை நின்றுவிட்டதடி. ஞாயிற்றுக்கிழமை நான் வீட்டில் எழுதுவேன், திங்கட்கிழமை ஷூ கம்பெனியில் பக்கத்து மிஷினில் தைத்தபடி நீ கேட்பாய். எழுதாமல் வந்தால் விடமாட்டாய். "இன்னாக்கா, ஒரு வாரமா இன்னா பண்ண? நாட்றம்பள்ளில பஸ் ஏறின வள்ளி இன்னும் எறங்கலியா?" அந்தக் கேள்விக்குப் பயந்தே பாதி நாவல் எழுதிவிட்டேன்.

கதையில் வள்ளி தன் புருஷன் வீட்டை விட்டுக் கிளம்பியதைச் சொன்ன நாள் நினைவிருக்கிறதா? தைத்த தோலை ஜோடி சேர்க்கும்போது, இரண்டும் இடது காலாகவே கட்டி வைத்தாய். சூப்பர்வைசர் கத்தினார். "கதை அப்படி சார், நான் இன்னா பண்றது?" என்றாய். அதைவிடப் பெரிய பாராட்டு எனக்கு எவர் தரப்போகிறார்?

மழைக்காலத்து மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோய்விட்டது. அப்புறம் ஞாயிறுகளில் துணி துவைத்தேன், தூங்கினேன். வள்ளி பஸ்ஸிலேயே உட்கார்ந்திருந்தாள். எழுதி யாரிடம் சொல்ல?

போன வாரம் பின்வரிசை கஸ்தூரி அக்கா வந்து நின்றாள். நம்மோடு ஒரு வார்த்தை பேசாதவள். "சரோ, அந்தப் பொண்ணு எறங்கினாளா இல்லியா? இத்தினி நாளா நானும் கேட்டுனுதான இருந்தேன்" என்றாள். எனக்குக் கோபம்தான் வந்தது. அது உன் கதை அல்லவா? ஆனாலும் அந்த ஞாயிறு உட்கார்ந்து எழுதினேன். வள்ளி ஆம்பூரில் இறங்கிவிட்டாள் நூரு.

இன்று அதைச் சொன்னேன். சாயங்காலம் சூப்பர்வைசர் கத்தினார்: "மறுபடியும் ரெண்டும் இடதா? யாரும்மா இது?" கஸ்தூரி அக்கா கையில் ஜோடியோடு திருதிருவென்று விழித்தாள். வரிசையே சிரித்தது. நானும் சிரித்தேன். பிறகு கீழே விழுந்த நூல்கண்டைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டு அழுதேன். முதலில் சிரித்திருக்க வேண்டியவள் நீயடி.

இனி திங்கள்தோறும் அவர்களுக்குச் சொல்வேன். முடிவை மட்டும் சொல்லமாட்டேன். எழுதி முடித்த அன்றைக்கே நீ உறங்கும் கபர்ஸ்தான் மதிலுக்கு வெளியே வந்து நின்று, முதலில் உனக்குத்தான் சொல்வேன். இது சத்தியம். அப்போது ஒரே ஒரு தரம், "அப்பறம் இன்னாக்கா?" என்று கேட்பாயா?

உன் கூடப்பிறக்காத அக்கா,
சரோஜா