ஆறாவது பித்தளை நட்டு

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது,

கடவுள் புண்ணியத்தில் நானும் அப்பாவும் சுகம், கொட்டகையில் இருக்கும் பெரியவரும் முன்பைவிடச் சுகம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நேரத்தோடு தூங்கி நன்றாக இருக்க வேண்டுமென்று காலையில் கும்பிடும்போதே கேட்டுக்கொண்டேன். போன வாரம்தானே பேசினோம், இப்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் பேசினால் அப்பா ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுகிறார். இது அவர் காதில் விழாமல் உனக்கு வர வேண்டிய சங்கதி. அதோடு பேச்சென்றால் நான் எப்படியாவது நழுவிவிடுவேன், எழுத உட்கார்ந்தால் அது முடியாது.

நீயும் அப்பாவும் பெரியவர் என்று பேர் வைத்த அந்தப் பழைய காரைப் பிரித்துப் போட்டு நாலு வருஷம் ஆகிறது. நீ வேலைக்காகக் கிளம்பிப் போன பிறகு அதன் மேல் போட்ட தார்ப்பாயை ஒரே ஒரு தடவைதான் எடுத்தார், அப்புறம் தொடவில்லை. நீ கேட்கும்போதெல்லாம் முழங்கால் வலி, மழை, பாகம் கிடைக்கவில்லை என்று தடவைக்கு ஒன்று சொல்வார், நானும் அதைத்தான் நம்பியிருந்தேன். போன திங்கட்கிழமை மூலைக்கடை வெல்டர் நம் கேட்டின் கீலைப் பற்றவைக்க வந்தவர், வேலையை முடித்துத் தண்ணீர் வாங்கிக் குடித்துக்கொண்டே, என்னக்கா, வியாழக்கிழமை பெரியவரை வழியனுப்பி வெக்கிறீங்களாமே என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பழைய இரும்பு எடுக்கிறவரிடம் அப்பா பேசி முடித்துவிட்டாராம், வீட்டில் மூச்சு விடவில்லை. ஏன் என்று கேட்டேன். சாரே சொன்னாருக்கா, எந்த போல்ட்டு எந்த ஓட்டைக்குன்னு ஒண்ணுமே ஞாபகம் இல்லியாம், அவங்க அண்ணனுக்கு வந்த மறதி தனக்கும் வந்துருச்சாம், நட்டு கழண்டவனுக்குக் காரு ஒரு கேடான்னு சிரிக்க வேற சிரிச்சாரு, எனக்குத்தான் சிரிப்பு வரல என்று வெல்டர் சொன்னார். உன் பெரியப்பா கடைசி வருஷங்களில் தன் செருப்பையே யாருடையது என்று கேட்டுக்கொண்டிருந்ததை நீயும் பார்த்தவள்தானே. அந்தப் பயத்தை இந்த மனிதர் மூன்று வருஷமாகத் தனியாகச் சுமந்திருக்கிறார், நான் பக்கத்திலேயே உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்திருக்கிறேன்.

இனிமேல்தான் விஷயம். நீ போன மறு வருஷம் முழங்கால் ஆபரேஷன் ஆகி அப்பா மூன்று வாரம் படுத்திருந்தாரே, அப்போது நான் கொட்டகையைச் சுத்தம் செய்தேன். நீ தகர டப்பாக்களில் தண்ணீர் பம்ப், இடது கதவு என்று காகிதம் எழுதி ஒட்டி வைத்திருந்தாய். டப்பாவெல்லாம் துரு, காகிதத்தைப் பூச்சி பாதி தின்றுவிட்டது. அதிலும் ஒரே டப்பாவுக்குள் குட்டையும் நெட்டையும் கலந்து கிடப்பதைப் பார்த்துவிட்டு என் கை சும்மா இருக்குமா. எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவி, அளவு வாரியாகப் பிரித்துக் கண்ணாடி ஜாடிகளில் போட்டு, எந்த ஜாடியில் எத்தனை என்று நோட்டிலும் ஏற்றினேன். மொத்தம் இருநூற்றுப் பதினான்கு. மருந்துக்கடை அலமாரி மாதிரி இருந்தது, பெரிய உதவி செய்துவிட்டதாக எனக்கு ஒரே பூரிப்பு. அப்பா கம்பு ஊன்றி வந்து பார்த்தார், இதையெல்லாம் தனித்தனியால்ல வெச்சோம் என்று கேட்டார். அந்த முகத்தைப் பார்த்ததும் பயந்து போய், நீங்க வெச்சது வெச்சபடிதான் இருக்கு, துருப்பிடிச்ச டப்பாவுக்குப் பதிலா ஜாடி மட்டும் மாத்தினேன் என்று சொல்லிவிட்டேன். மாத்திரை மயக்கத்தில் அவரும் தலையாட்டிவிட்டார். அதற்கப்புறம் பம்ப்பை மாட்டப் போய், குட்டை போல்ட்டுக்கான ஓட்டையில் நெட்டையைக் கொடுத்து முறுக்கிவிட்டாராம், பம்ப்பின் உடம்பு விரிசல் விட்டதாம், இதுவும் வெல்டர் சொல்லித்தான் தெரியும். அன்றைக்கு மூடியதுதான் அந்தத் தார்ப்பாய். நான் பொய் சொன்னதற்குச் சாமியிடம் அன்றே மன்னிப்புக் கேட்டுவிட்டேன். ஆனால் போல்ட்டு சாமியுடையது இல்லையே.

செவ்வாய்க்கிழமை அப்பா நூலகத்துக்குப் போனதும் ஜாடிகளை இறக்கினேன். சொல்வதற்கு முன்னால், கலைத்ததை நானே திரும்பச் சேர்க்க முடியுமா என்று பார்க்க வேண்டுமென்று ஒரு வீம்பு. பழைய துணியை விரித்துப் பம்ப்பை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தால், உனக்கு ஒன்று சொல்கிறேன் கேள், போல்ட்டுகள் எல்லாம் ஒன்று போல இல்லை. மண்ணெண்ணெயில் ஊறவைத்தும் போகாத கறை ஒவ்வொன்றிலும் இருக்கிறது. தண்ணீர்ப் பக்கம் இருந்தது செம்பழுப்பு, எண்ணெய்ப் பக்கம் இருந்தது கறுப்பு. கறை எந்த இடத்தில் நிற்கிறதோ அதுவரைதான் அது உள்ளே இருந்திருக்கிறது. அப்படியானால் ஓட்டையின் ஆழம் தெரிந்தால் போதுமே என்று என் பின்னல் ஊசியை ஒவ்வொரு ஓட்டையிலும் விட்டு, நகத்தால் அடையாளம் பிடித்து, ஸ்கேலில் வைத்து நோட்டில் எழுதினேன். பதினொரு ஓட்டை, பதினொரு போல்ட்டு, அத்தனையும் பொருந்தியது. இந்த வயசில் இப்படி ஒரு ருசி இருக்கிறதென்று எனக்கு யாரும் சொல்லவில்லை, நீங்கள் இரண்டு பேரும் ஏன் சாப்பாட்டை மறந்து அங்கேயே கிடந்தீர்கள் என்பது அன்றைக்குத்தான் விளங்கியது.

புதன்கிழமை கதவுக் கீல் போல்ட்டுகளோடு உட்கார்ந்திருந்தபோது அப்பா சீக்கிரமே திரும்பிவிட்டார். வாசலில் நின்று, என்ன, காருக்கு ஸ்வெட்டர் பின்றியா என்றார். ஊசியைக் கையில் வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், ஜாடி, காகிதம், பொய் எதையும் விடவில்லை. கத்துவார் என்று காத்திருந்தேன். ஸ்டூலில் உட்கார்ந்தார். அப்போ எனக்கு மறதி இல்லியா என்றார். இல்லை என்றேன். மறுபடியும் அதையே கேட்டார், மறுபடியும் சொன்னேன். முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார், அன்று ராத்திரி என்னைக் கூப்பிடாமல் தானே தட்டில் போட்டுச் சாப்பிட்டார், அதை நான் வாங்கிக்கொண்டேன். வியாழக்கிழமை இரும்புக்காரர் வண்டியோடு வந்து நின்றபோது, பெரியவர் இன்னும் இருக்கார்யா, இதை எடுத்துட்டுப் போ என்று கொட்டகை ஓரம் கிடந்த ஓட்டை சைக்கிளைத் தூக்கிக் கொடுத்து அனுப்பினார். பிறகு கொட்டகைக்குள்ளிருந்து, கணக்குப்பிள்ளை, நோட்டை எடுத்துட்டு வா என்று சத்தம் வந்தது.

வெல்டர் பம்ப் விரிசலை அடைத்துத் தந்துவிட்டார். தினமும் சாயங்காலம் நான் எண்ணைப் படிக்கிறேன், அப்பா மாட்டுகிறார், தப்பாக எடுத்தால் உன் ஜாடி புத்தி போகல பாரு என்று ஒரு குத்தல், என் வாயும் சும்மா இருப்பதில்லை. நேற்று காரின் முன்னால் ஹேண்டிலைப் போட்டுக் கையால் சுற்றினோம், இன்ஜின் அசைந்து கொடுத்தது. நீ இருந்திருக்கலாம் என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னோம்.

இப்போது நான் இதை எழுதுவதற்குக் காரணம் ஒன்றுதான். புகைக்குழாயைப் பிடிக்கிற பித்தளை நட்டுகள் ஆறு வேண்டும், ஐந்துதான் இருக்கிறது. நான் சுத்தம் செய்த அன்றைக்கு எழுதிய பக்கத்திலும் ஐந்துதான். ஆகவே இது என் கைவேலை இல்லை. அப்பா ஐந்தையும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு, இத நான்தான் எங்கியோ வெச்சு மறந்திருப்பேன் என்றார். சொல்லும்போது அந்தப் பழைய முகம் வந்துவிட்டது. எனக்கு அது பொறுக்கவில்லை. போன மாதம் உன் புது வீட்டுக் கதவைக் காட்டுகிறேன் என்று வீடியோவில் சாவியை ஆட்டினாயே, அதில் மஞ்சளாக, ஆறு பட்டையாக ஒன்று தொங்கியது. அது என்ன என்று அன்றைக்கே கேட்க நினைத்தேன். வீட்டு நினைவாக எடுத்துப் போயிருந்தால் அதில் ஒரு தப்பும் இல்லை, எங்களுக்கு வேறு நட்டு கிடைக்கும், அது உன்னிடமே இருக்கட்டும். ஆனால் எடுத்தது நீதான் என்று அப்பாவிடம் உன் வாயால் சொல்லிவிடு. நான் கேட்டதாகச் சொல்லாதே.

குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போ, வெறும் ரொட்டியைத் தின்று நாளைக் கடத்தாதே. கும்பிடுவதை விடாதே, அவசரமென்றால் ஒரு நிமிஷம் போதும், சாமி கோபித்துக்கொள்ளாது. கடவுள் உன்னோடு துணை நிற்பார், எங்கள் ஆசி எப்போதும் உனக்கு உண்டு. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு, அப்பா ஸ்பீக்கரில் போடட்டும், பக்கத்தில் உட்கார்ந்து நானும் கேட்கிறேன்.

இப்படிக்கு
உன் அம்மா