உன் டியூஷன் காசு

அக்கா,

பேத்தி தாரிணியின் விண்ணப்பக் கோப்பை அலமாரியில் வைக்கும் முன் இன்று காலை ஒருமுறை திறந்து பார்த்தேன். கிரீஸ் வாசனை அடித்தது. நான்காவது தாளின் அடியில், கையெழுத்துக்குப் பக்கத்தில், கறுப்பாக ஒரு பெருவிரல் தடம். நோட்டரி அன்றே முகம் சுளித்து, வேறு தாளில் எழுதி வாங்கி வரச் சொன்னார். மாட்டேன் என்றேன். நீ நம்பமாட்டாய். ஆறிப்போன காபியைத் திருப்பிக் கொடுக்கக்கூட வாய் வராதவன் என்று என்னைப் பற்றித் தெருவெல்லாம் சொல்லி வைத்தவள் நீ.

அதனால் நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். வரிசை தப்பினால் எனக்கே சந்தேகம் வந்துவிடும்.

நீ போய் ஐந்தாறு மாதம் கழித்துத் தாரிணிக்கு வெளிநாட்டில் முதுகலை படிக்க இடம் கிடைத்தது. நிலத்தடி நீரைப் பற்றிய படிப்பு. முதல் வருடச் செலவுக்குப் பணம் இருப்பதைக் காட்டச் சொன்னார்கள். பாதி வங்கிக் கடன். மறுபாதி உன்னுடையது. உன் வைப்புத்தொகைகள் எல்லாவற்றுக்கும் அவளைத்தானே நாமினியாகப் போட்டிருந்தாய். பதினெட்டு லட்சம் அவள் கணக்குக்கு வந்தது. அவள் அப்பாவின் சம்பளம் வீட்டுக் கடனுக்கே சரியாகப் போகிறது. உன் பணம் இல்லாவிட்டால் என் பேத்தி விண்ணப்பமே போட்டிருக்கமாட்டாள்.

பணம் இருந்தால் போதும் என்று நினைத்தேன். போதாதாம். ஒரு மாணவியின் கணக்கில் திடீரென்று இவ்வளவு பெரிய தொகை எப்படி வந்தது, இறந்தவர் என்ன வேலை பார்த்தார், அவரிடம் அது எப்படிச் சேர்ந்தது என்று பல்கலைக்கழகம் கேட்டு எழுதியது. இரண்டு வாரத்துக்குள் ஆதாரத்தோடு பதில் போகவேண்டும். போகாவிட்டால் அந்த இடம் வேறொருவருக்கு.

வேலைக்காலம் முழுவதும் தணிக்கை அலுவலகத்தில் உட்கார்ந்து ஊராரிடம் இதே கேள்வியைக் கேட்டவன் நான். "சாமியே நேர்ல வந்து நின்னாலும் வவுச்சர் எங்கன்னுதான்டா கேப்ப" என்பாய். உன்னிடமும் கேட்டிருக்கிறேன். பிள்ளைகளிடம் வாங்கும் பணத்துக்கு ஒரு ரசீதாவது கொடு அக்கா என்று எத்தனை முறை சொன்னேன்.

"ரசீது குடுத்தா, மறுபடி ஃபெயிலானவன் அதை எடுத்துட்டு வந்து காசைத் திருப்பிக் கேப்பான். போடா."

நாற்பது வருடம் கணக்குச் சொல்லிக் கொடுத்தவள் ஒரு நாளும் வரவு எழுதியதில்லை. வாங்கியதைக் கைக்குட்டையில் முடிந்து வைத்து, மாதம் பிறந்ததும் வங்கிக்கு நடந்துவிடுவாய்.

நம் மயிலாப்பூர் வீட்டு முன் ஹால் இப்போது காலியாக இருக்கிறது. அந்த நாளில் நான் அலுவலகம் விட்டு வரும்போது வாசலில் கால் வைக்க இடமிராது, அவ்வளவு செருப்பு. உள்ளே பரீட்சை அட்டையை மடியில் வைத்துக்கொண்டு பத்தாம் வகுப்புக் கணக்கில் ஃபெயிலான பிள்ளைகள். அவர்கள் மட்டும்தான். நன்றாகப் படிக்கிறவர்கள் கேட்டு வந்தால் திருப்பி அனுப்பிவிடுவாய். தாரிணியையே அனுப்பினாயே. "தொண்ணூத்தஞ்சு வாங்கறவளுக்கு நான் எதுக்குடி? ஃபெயிலாகிட்டு வா, சொல்லித் தரேன்." இரண்டு நாள் அவள் உன்னோடு பேசவில்லை.

உன் வகுப்பில் ஒரே சட்டம். ரப்பர் கொண்டுவரக் கூடாது. தப்பாகப் போட்டால் குறுக்கே ஒரு கோடு, பக்கத்தில் மறுபடியும் போடவேண்டும். "அழிச்சிட்டா எந்த எடத்துல கோட்டை விட்டேன்னு உனக்கே தெரியாதே." ஒரு பையன் எச்சில் தொட்டு விரலால் அழிக்கப் போய்த் தாள் ஓட்டையானது. நீ அந்த நோட்டைத் தூக்கி, ஓட்டை வழியாக அவனையே ஒரு கண்ணால் பார்த்தாய். ஹாலே சிரித்தது. அவன்தான் அதிகமாகச் சிரித்தான்.

தியாகராய நகரில், ஒரு பாத்திரக்கடையின் மாடியில், வெளிநாட்டுப் படிப்புக்கு ஆலோசனை சொல்லும் அலுவலகம். தாரிணியோடு நானும் போனேன். அங்கே இருந்த இளைஞர் மரியாதையானவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"டியூஷன்னா நிக்காது சார். அதுவும் ஃபெயிலான பசங்களுக்கு. ஒரு பாட்டியம்மா அதுல பதினெட்டு லட்சம் சேத்தாங்கன்னா, அங்க உக்காந்து படிக்கிறவன் சிரிப்பான்."

"நாப்பது வருஷம் தம்பி. வட்டியோட."

"நான் நம்பறேன் சார். ப்ரூஃப்?"

அவரே வழி சொன்னார்.

"அக்ரி இன்கம்னு போட்டுடலாம். செங்கல்பட்டு பக்கம் நமக்கு ஒரு பார்ட்டி இருக்காரு. சிட்டா, அடங்கல்னு நிலத்துப் பேப்பர் எல்லாம் அவரே ரெடி பண்ணிக் குடுப்பாரு. விவசாயம்னா யாரும் தோண்ட மாட்டாங்க."

ஐந்து நிமிடத்தில் உன்னை விவசாயி ஆக்கி அச்சடித்துக் கொண்டுவந்தார். தொட்டியில் வைத்த கறிவேப்பிலையை வாரத்துக்குள் காயவிட்டவள் நீ.

"போட்டுடுங்க தாத்தா" என்றாள் தாரிணி மெதுவாக. "எல்லாரும் இப்படித்தான் பண்றாங்க. டைம் இல்ல."

அவள் சொன்னதில் தவறில்லை. என் கையெழுத்துக்கு இடம் காட்டினார்கள். பேனாவைத் திறந்தேன். அக்கா, உண்மையாகச் சொல்கிறேன், கையெழுத்துப் போடத்தான் திறந்தேன். என்ன ஆயிற்றென்று தெரியவில்லை. விவசாய வருமானம் என்ற சொல்லின் குறுக்கே ஒரு கோடு போட்டேன். மேலே டியூஷன் என்று எழுதிச் சுருக்கொப்பம் இட்டேன்.

"சார், ஃபார்ம்ல இப்படி அடிச்சுத் திருத்தக் கூடாது சார். இருங்க, வேற பிரிண்ட் எடுக்கறேன்."

"எடுங்க. அதுலயும் டியூஷன்னுதான் வரணும்."

"அப்ப ப்ரூஃபை நீங்கதான் கொண்டு வரணும். இல்லன்னா சீட் போச்சு. அப்புறம் என்னை வந்து கேக்கக் கூடாது."

"கேக்க மாட்டேன்."

தாரிணியும் நானும் படியிறங்கினோம். பாண்டி பஜார் கூட்டத்தில் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டே வந்தவள், ஆட்டோவில் ஏறியபின், "நிஜமாவே சீட் போச்சுன்னா?" என்றாள். எனக்கும் அதே பயம்தான். ஆனால் அவள் அங்கே போய் நாலு வருடம் படித்தாலும் பத்து வருடம் படித்தாலும், அந்தப் படிப்பின் முதல் தாளில் நீ இல்லாமல், செங்கல்பட்டில் யாரோ ஒருவருடைய வயல் இருக்கும். அதை என்னால் விழுங்க முடியவில்லை. நீ செய்தது வேலை. அதற்குக் கூலி வாங்கினாய். அதைச் சொல்ல ஏன் கூசவேண்டும்?

உன் கைப்பேசியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம். 'பாபு அக்டோபர்', 'விஜி மார்ச்' என்று பெயர் போட்டு வைத்திருக்கிறாய். எந்தப் பரீட்சையில் தேறினார்களோ அந்த மாதம்! தாரிணி அன்றுதான் முதல் முறையாகச் சிரித்தாள். பன்னிரண்டு பேர் எண்ணில் கிடைத்தார்கள். நான் ஓர் உறுதிமொழி வாசகம் எழுதினேன். பெயர், தொழில், உன்னிடம் எத்தனை மாதம் படித்தார், மாதம் எவ்வளவு கொடுத்தார். கூடவே, ஃபெயிலானபோது கணக்கில் வாங்கிய மதிப்பெண்.

"மார்க் எதுக்கு தாத்தா?"

"எண் இல்லாம ஒரு வவுச்சரா?" என்றேன். தணிக்கைக்காரன் புத்தி. அந்த ஒரு கட்டம்தான் ஆளையெல்லாம் விரட்டப் போகிறது என்று எனக்குத் தோன்றவில்லை. கைப்பேசியில் அனுப்பியதைப் படித்துவிட்டு மூவர் பதிலே போடவில்லை. ஒருவர் ஊரில் இல்லை என்றார். பின்னால் குக்கர் விசில் கேட்டது. கட்டத்தை எடுத்துவிடலாமா என்று யோசித்தேன். எடுக்கவில்லை. பிடிவாதம் என்றே வைத்துக்கொள்.

பாபு அக்டோபரைத் தேடிக் கோடம்பாக்கம் போனேன். பாலத்துக்குப் பக்கத்தில் இருசக்கர வண்டிப் பட்டறை. கையைத் துணியில் துடைத்தபடி எழுந்து வந்தார்.

"இன்னா சார், டீச்சரு தம்பிதான நீங்கோ? சொம்புல தண்ணி குடுப்பீங்களே."

விஷயத்தைச் சொன்னேன். தாளை வாங்கித் தூரத்தில் பிடித்துப் படித்தார்.

"மார்க்கு காலியா கீது?"

"அதை நீங்கதான் சொல்லணும்."

"பன்னெண்டு. அடுத்த தபா ஒம்போது. டீச்சராண்ட போனப்பறம் நாப்பத்தொண்ணு. மூணையும் போடு சார்."

"ஒண்ணு போதும்."

"அட இன்னா சார் நீ. ஒம்போதுதான் மேட்டரே. அத்த வுட்டா டீச்சரு இன்னா பண்ணாங்கன்னு எவனுக்குப் புரியும்?"

வண்டிக்காகக் காத்திருந்த ஒருவர் பெஞ்சிலிருந்து, "பாபு அண்ணே, ஒம்போதா நீ? உன்னை நம்பியா என் வண்டிய வுட்டுக்கினு கீறேன்?" என்றார்.

"பிரேக்கு புடிக்குதா இல்லியா? மூடிக்கினு ஒக்காரு நைனா."

கையெழுத்துப் போட்டுவிட்டு, நம்பிக்கைக்கு என்று பெருவிரலையும் வைத்தார். கிளம்பும்போது குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "டீச்சர எடுத்த அன்னிக்கி வந்தேன் சார். கேட்டாண்டதான் நின்னுக்கினு இருந்தேன். இந்தக் கையோட உள்ள எப்டி வர்றதுன்னு."

அதே வாரம் அடையாறில் ஒரு பல் மருத்துவர். உனக்கு நினைவிருக்கும், நோட்டில் ஓட்டை போட்டவர் அவர்தான். இப்போது மூன்று நாற்காலி வைத்த பெரிய மருத்துவமனை. என்னை உள்ளறைக்கு அழைத்துப்போய்க் கதவைச் சாத்தினார். தாளைப் படித்ததும் அவர் முகம் மாறியது.

"டீச்சர் இல்லன்னா நான் இல்ல சார். ஆனா இதுல நான் சைன் பண்ண முடியாது. வெளியே ஸ்டாஃப் இருக்காங்க. என் பையன் லெவன்த் படிக்கிறான். மேத்ஸ்ல நான் சென்டம்னு அவன்கிட்ட சொல்லி வச்சிருக்கேன்." கைப்பேசியை எடுத்து, "பணம் எவ்வளவு குறையுது சொல்லுங்க. இன்னிக்கே போட்டுடறேன். திருப்பித் தரவே வேணாம்" என்றார்.

"பணம் இருக்கு டாக்டர். அது எப்படி வந்ததுன்னு சொல்லத்தான் ஆள் இல்ல."

அவர் தாளை என் பக்கம் தள்ளினார். சாதாரணமாக இந்த இடத்தில் நான் என்ன சொல்வேன் என்று உனக்குத் தெரியும். பரவாயில்லை என்பேன். காலை மிதித்தவனிடமும், சீட்டைப் பிடுங்கியவனிடமும், எனக்குக் கீழே இருந்து எனக்கு மேலே போனவனிடமும் அதையே சொன்னவன். அன்று அந்தச் சொல் நாக்கு வரை வந்தது. சொல்லவில்லை. நிரப்பாத அந்தத் தாளை அவர் மேசையிலேயே வைத்துவிட்டு வெளியே வந்தேன். மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினேன். ஆனாலும் சொல்லவில்லை அக்கா.

கடைசியில் நான்கு கையெழுத்துகள். பாபு, கே.கே. நகரில் தையல் கடை வைத்திருக்கும் விஜி, ஓட்டல் காசாளர் ஒருவர், பள்ளி வேன் ஓட்டுநர் ஒருவர். நோட்டரியிடம் முத்திரை வாங்கி, வங்கிக் கணக்கு விவரத்தோடு சேர்த்து, ஆங்கிலத்தில் ஒரு பக்க விளக்கம் எழுதினேன். அதை ஏழு முறை திருத்தினேன். ஒரு திருத்தத்திலும் உன்னை மெருகேற்றவில்லை. கணக்கில் தோற்ற பிள்ளைகளுக்கு வீட்டில் சொல்லிக் கொடுத்தார், மாதாமாதம் சேமித்தார், ரசீது கொடுக்கும் வழக்கம் இல்லை. அவ்வளவுதான். தாரிணி அனுப்பினாள்.

ஏற்றுக்கொண்டார்கள். ஒரே வரியில் பதில். ஆலோசகர் தொலைபேசியில் கூப்பிட்டு, "எப்படி சார்?" என்றார். சொன்னேன். "ஆனா எல்லாருக்கும் இது ஒர்க் அவுட் ஆகாது சார்" என்றார். ஆகாமலிருக்கலாம். அவருக்கு என் பதில் அப்போதும் டியூஷன்தான்.

விசா நேர்காணலன்று துணைத் தூதரகத்துக்கு எதிர்ப்புற நடைபாதையில் குடையோடு நின்றேன். வெளியே வந்தவள் சிரித்துக்கொண்டே வந்தாள். செலவு யாருடையது என்று கேட்டாராம் அதிகாரி. தாத்தாவின் அக்கா, கணக்கு டியூஷன் எடுத்தார் என்றாளாம். உனக்கும் அவர்தான் சொல்லிக் கொடுத்தாரா என்று கேட்டிருக்கிறார்.

"எனக்கு எடுக்க மாட்டேன்னுட்டாங்கன்னு சொன்னேன் தாத்தா. ஏன்னு கேட்டாரு. நான் ஃபெயிலாகலைன்னு சொன்னேன். அவர் சிரிச்சுட்டாரு."

போன வாரம் விமானம் ஏறிவிட்டாள். கோப்பு முடிந்தது.

நேற்று ஓர் உறை வந்தது, அடையாறிலிருந்து. உள்ளே நான் மேசையில் வைத்துவிட்டு வந்த அதே தாள், பேனாவால் நிரப்பப்பட்டு. மதிப்பெண் கட்டத்தில் முப்பத்திரண்டு என்று எழுதியிருந்தது. அதன் குறுக்கே ஒரு கோடு. மேலே, பதினான்கு. பக்கத்தில் சுருக்கொப்பம். கீழே மருத்துவரின் முழுக் கையெழுத்து. அதற்கும் கீழே சாட்சி என்ற இடத்தில், இன்னும் பழகாத பள்ளிக்கூடக் கையெழுத்து ஒன்று, மருத்துவர் பெயரின் முதல் எழுத்தைத் தலைப்பெழுத்தாகக் கொண்டு.

நாள் கடந்துவிட்டது. சாட்சிக்கு வயது போதாது. நோட்டரி முத்திரையும் இல்லை. எந்தத் தணிக்கையிலும் நிற்காது.

நான் அதைக் கோப்பில் வைக்கவில்லை. நாலாக மடித்துச் சட்டைப்பையில், மருந்துச் சீட்டுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். வெளியே கிளம்பும்போது தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன்.