சொல்யூஷன் போட்டு ஒட்டிய சோலார்

அன்புத் தம்பி அருளுக்கு,

அன்பு என்று எழுதிவிட்டேன், அடிக்க மனமில்லை. ஆனால் இந்தக் கடிதம் முழுக்க உன்னைத் திட்டத்தான் போகிறேன். உயிரோடு இருந்தபோது நீ ஒருநாளும் நின்று முழுசாகக் கேட்டதில்லை. பாதியிலேயே செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாய். இப்போது எங்கே கிளம்புவாய்?

போன வியாழக்கிழமை உன் வண்டிக் கூரையிலிருந்து ஒரு சோலார் பேனல் கழன்று விழுந்துவிட்டது. பள்ளிகொண்டாவுக்குக் கொஞ்சம் முன்னால், பைபாஸ் ரோட்டில், உச்சி வெயிலில்.

அந்த வண்டியை நாங்கள் ஏன் எடுத்துப் போனோம் என்று கேட்பாய். விற்கத்தான். "அண்ணி, காலைல கதவத் தொறந்தா அதுதான் நிக்குது. என்னால ஆவல, வித்துடுங்க" என்று உன் பெண்டாட்டி சுமதி சாவியை என் கையில் கொடுத்துவிட்டாள். அரக்கோணத்தில் ஒருவர் குடும்பத்தோடு ஊர் ஊராகப் போய்த் தங்க இப்படி ஒரு வண்டி தேடுகிறார் என்று உன் தோஸ்த் ஜாபர் பாய் சொன்னார். அவரே ஓட்டினார். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

பதினோரு வருஷம் என்னை ஷூ கம்பெனிக்கு ஏற்றிப் போன வேன் அது. கம்பெனி வேண்டாமென்று கழித்ததும் நீ போய் வாங்கினாய். சீட்டையெல்லாம் கழற்றிவிட்டு கட்டில், அடுப்பு, ஃபேன், சின்ன ஃப்ரிட்ஜ் எல்லாம் வைத்தாய். கூரையில் இரண்டு பேனல், கட்டிலுக்கு அடியில் பேட்டரி. ஏலகிரியில் போய் நிறுத்தினால் இரண்டு நாளைக்கு யாரிடமும் கரண்டுக்குக் கை நீட்ட வேண்டாம் என்று பெருமையடித்தாய். ஃப்ரிட்ஜ் எவ்வளவு இழுக்கும், மேகம் மூடினால் பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்கும், எந்த ஒயர் எவ்வளவு தடிமன் என்று எல்லாம் எழுதி வைத்திருக்கிறாய். தோல் பதனிடும் டேனரியில் இருபது வருஷம் மோட்டார் பார்த்த எலக்ட்ரீஷியன் ஆயிற்றே.

அந்தப் பேனலைக் கூரையில் நிறுத்துவதற்கு மட்டும் உனக்கு நம் ஊர் புத்திதான் வந்தது. போல்ட் போடச் சொன்னார் ஜாபர் பாய். "ஓட்ட போட்டா மழைக்கு ஒழுகும் பாய். ஷூவே வருஷக்கணக்குல பிச்சிக்காம நிக்குது, இது நிக்காதா?" என்றாய். ஷூவுக்கு அடிப்பாகம் ஒட்டுகிற சொல்யூஷனைப் பேனலின் காலுக்குத் தடவி, கூரையில் அழுத்தி வைத்துவிட்டாய். ஆம்பூரில் உடைந்த வாளி, கிழிந்த ஸ்கூல் பை, சாமி படம், எல்லாவற்றுக்கும் அதுதானே.

டப்பாவை வாங்கிக் கொடுத்தவள் நான். அந்தப் பசைக்குச் சூடு காட்டினால் இளகும் என்று எனக்குத் தெரியாதா? தினமும் கண் முன்னால் மிஷினில் சூடாக்கித்தானே ஒட்டுகிறார்கள். ஆம்பூர் வெயிலில் தகரக் கூரை எப்படிக் கொதிக்கும் என்று எனக்கும் தோன்றவில்லை, உனக்கும் தோன்றவில்லை. இதில் என்னையும் சேர்த்துத்தான் திட்டுகிறேன்.

பேனல் சரிந்து, ஒயரில் ஒரு நிமிஷம் தொங்கி, பிறகு ரோட்டில் விழுந்து நொறுங்கியது. பின்னால் பைக்கில் வந்தவர் ஒடித்ததில் அவரும் அவர் மனைவியும் கீழே விழுந்தார்கள். முழங்கை சிராய்ப்போடு போயிற்று. அந்தம்மாவின் தலை பக்கத்தில் போன லாரிக்கு ஒரு முழம் தள்ளி இருந்தது, அருளு. செத்த பிறகு இன்னொருத்தியைக் கொல்லப் பார்த்தாயே, உன்னை என்ன சொல்ல?

அந்த மனுஷர் எழுந்து வந்து, "யாரும்மா இத மாட்னது?" என்று கேட்டார். என் தம்பி என்றேன்.

"கூப்பிடு அவன. இப்பவே கூப்பிடு" என்றார்.

நான் நிஜமாகவே போனைக் கையில் எடுத்துவிட்டேன். எடுத்த பிறகுதான் எனக்கே உறைத்தது. ஜாபர் பாய் அவரைத் தனியே அழைத்துப் போய் விஷயத்தைச் சொன்னார். அவர் திரும்பி வந்து, ரோட்டில் கிடந்த கண்ணாடியைக் காலால் ஓரம் தள்ளினார். அவர் திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

அரக்கோணம் போகவில்லை. இன்னொரு பேனலும் அதே பசையில்தான் நிற்கிறது, இதை எந்த முகத்தோடு ஒருவர் குடும்பத்துக்கு விற்பது? வண்டியைத் திருப்பச் சொன்னேன். திரும்பும் வழியில்தான் ஜாபர் பாய் வாயைத் திறந்தார். சாவதற்கு முன்னால் உனக்கு நாலு நாளாக நெஞ்சு வலி இருந்ததாம். அவருக்குத் தெரியுமாம். "உங்களுக்குச் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டான்க்கா. அக்காவுக்குத் தெரிஞ்சா ஏலகிரி ட்ரிப்ப கேன்சல் பண்ணிடும்னு சொன்னான்."

உன்னைக் குளிப்பாட்டியபோது நெஞ்சில் இரண்டு வலிப் பிளாஸ்திரி இருந்தது என்று நம் மாமா சொன்னது அப்போது புரிந்தது. சுளுக்காக இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்கும் ஒட்டித்தான் பார்த்திருக்கிறாய். எவ்வளவு பெரிய முட்டாள் நீ. ஆஸ்பத்திரி இருக்கிற ஊருக்கு ஒரு மணி நேரம், அருளு. ஆமாம், கேன்சல் செய்திருப்பேன். காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருப்பேன். ஏலகிரி எங்கே ஓடிப் போகிறது?

ஜாபர் பாயோடு இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் அவரே புதுப் பேனலோடும் ட்ரில்லோடும் வந்து நின்றார். கூரையில் ஓட்டை போட்டு, ரப்பர் வாஷர் வைத்து, ஒவ்வொரு பேனலுக்கும் எட்டு போல்ட் முடுக்கினோம். மேலே இரண்டு குடம் தண்ணீர் ஊற்றினேன். ஒரு சொட்டு ஒழுகவில்லை. நீ எழுதி வைத்தபடி முதலில் பேட்டரி, அப்புறம் பேனல் என்று ஒயரைக் கொடுத்ததும் ஃபேன் சுற்றியது, ஃப்ரிட்ஜ் உறுமியது. எனக்குச் சந்தோஷம் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. இத்தனையும் சரியாகச் செய்யத் தெரிந்தவனுக்கு டாக்டரிடம் ஒரு சீட்டு வாங்கத் தெரியவில்லையே.

கீழே இறங்கும்போது ஏணியில் எனக்குத் தலை சுற்றியது. ஜாபர் பாய் பிடித்துக்கொண்டார். இது முதல் தடவையா என்று கேட்டார்.

முதல் தடவை இல்லை. கம்பெனிக்கு வந்த நர்ஸ் எனக்குப் பிரஷர் ரொம்ப ஜாஸ்தி என்று சொல்லி, உடனே வேலூருக்குப் போகச் சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுத்து ஏழு மாதம் ஆகிறது. சீட்டை டிஃபன் பையின் உள் ஜிப்பில் வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. உன்னிடமும்தான். நீ ஏதாவது கேட்டால், தூக்கம் கம்மி, அதான் என்பேன். ஒரே வயிற்றில் பிறந்தோம், வேறென்ன வரும்?

வண்டி விற்கிற பேச்சை அப்புறம் பார்க்கலாம் என்று சுமதியிடம் சொல்லிவிட்டேன். அதுவரை அது என் வாசலில் நிற்கட்டும். திங்கட்கிழமை ஜாபர் பாய் அதிலேயே என்னை வேலூருக்குக் கூட்டிப் போகிறார். டாக்டர் கேட்பதற்கெல்லாம் ஒன்று விடாமல் சொல்வேன். கொடுக்கிற மாத்திரையை ஒரு வேளைகூடத் தவறாமல் போடுவேன். இது சத்தியம். உன் மேல் இருக்கிற கோபம் இப்போதைக்குத் தீராது. அதற்காகவாவது நான் ரொம்ப நாள் இருந்தாக வேண்டும்.

உன்னைத் திட்ட மிச்சமிருக்கும் ஒரே அக்கா,
ரூபி